மழைக்கு எத்தனை மெகாபிட்

முந்நூற்றுப் பன்னிரண்டு இறுவட்டுகள்.
எண்ணியது நானல்ல, மகள் இயலினி.
வட்டுக்கு ஐந்து சதம் கேட்டாள், கொடுத்தேன்.
வெளியே எட்மன்டன், மைனஸ் முப்பத்தொன்று.
பேஸ்மென்டில் நானும் கணினியும்
விட்டு விட்டு மூச்சு வாங்கும் ஹீட்டரும்.

மைத்துனர் கிருபைராசன் போனில் சொன்னார்:
“265இல போடுங்கோ. அரைவாசி இடம் மிச்சம்.
கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.”
யாருடைய கண்ணுக்கு என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

சில வட்டுகளில் அந்த முடிவை
எனக்கு முன்பே யாரோ எடுத்திருந்தார்கள்.
மூன்று படம் ஒரே வட்டில்.
கதாநாயகிக்கு மூக்கில்லை.
வில்லனுக்கு மீசை இருக்கலாம்.
அடியில் ஓடுகிறது
ஸ்காபரோ நகைக்கடை ஒன்றின் தொலைபேசி இலக்கம்,
அது மட்டும் துல்லியம்.
ஒருநாள் அழைத்துப் பார்த்தேன்.
பல் வைத்தியர்.

மென்பொருளின் சிக்கனம் எனக்குப் பிடித்திருந்தது.
அசையாததை அது ஒரு தரம்தான் எழுதும்.
சுவர், அலுமாரி, கலண்டர்: ஒரு தரம்.
பிறகு மாறியதை மட்டும்.
சோபாவில் மூன்று மணிநேரமாகச் சேந்தன்,
ஒரு கிலோபைட் ஆகமாட்டான்.
மேலே போய் இதைச் சொன்னேன்.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சிரித்தான்.
சரி, இரண்டு கிலோபைட்.

மழைதான் அதற்குப் பகை.
ஒவ்வொரு துளியும் முன்பில்லாதது,
ஒன்றையும் பழையபடி என்று தள்ள முடியாது.
நம் படங்களிலோ
காதல் வந்தால் மழை, போனால் மழை,
கொலைகாரன்கூட
குடையில்லாத இரவாகப் பார்த்துத்தான் வருவான்.

சோதனைக்கு முப்பது செக்கன் வெட்டி எடுத்தேன்.
பஸ் தரிப்பு, இரவு, அடைமழை.
முன்னால் அவள் அழுகிறாள்,
எல்லா வெளிச்சமும் அவள்மேல்.

தர எண் இருபத்தெட்டு:
மழை கட்டம் கட்டமாய், சாரத்துத் துணிபோல.
இருபத்துநான்கு: பரவாயில்லை.
இருபது: அவளுக்குப் பின்னால் ஏதோ கறை.
வட்டைத் துடைத்தேன். திரையைத் துடைத்தேன்.
பதினெட்டு:
கறைக்குக் கை முளைத்தது.

ஒரு மனிதர்.
நில் என்றதும் வந்து நின்றவர்.
கம்பி முறிந்த குடையைக் கக்கத்தில் இடுக்கி,
ஒரு செருப்பைக் கழற்றிக் கவிழ்த்து
தண்ணீரை உதறுகிறார்.
கேமராவைப் பார்த்துவிடுகிறார்.
பார்க்கக்கூடாது என்பது நினைவு வந்து
பஸ் வரும் திசைக்குத்
திருப்பிக்கொள்கிறார் முகத்தை.

இந்தப் படத்தை எட்டுத் தரம் பார்த்திருக்கிறேன்.
எட்டுத் தரமும் அவளோடு சேர்ந்து அழுதிருக்கிறேன்,
அவருக்கு முன்னால் நின்றுகொண்டு.

கிருபைராசன் சொன்னதில் பிழையில்லை.
தெரியாதுதான்,
பார்க்காத கண்ணுக்கு.

பதினெட்டு என்று எழுதி
கணினியில் ஒட்டிவைத்தேன்.
சிக்கல் அதோடு முடியவில்லை.
வரவேற்பறைத் தொலைக்காட்சி பழையது,
265ஐக் கண்டதும் கறுத்துப்போய்
“இந்த வடிவம் தெரியாது” என்றது.
அதற்காகப் புதிதாக ஒன்று வாங்கவா?
264க்கே திரும்பினேன்.
கோப்பு இன்னும் ஊதியது.
ஒரு படத்துக்கு ஐம்பது நிமிடம்,
முழுவதற்கும் இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று,
இந்த மாதச் சம்பளத்தில் வேண்டாம், அடுத்ததில்.

“இவ்வளவு இடமோ? அப்பிடி என்ன கிடக்கு அதில?”
“ஒராள் செருப்பை உதறுறார்” என்றேன்.
மறுமுனையில் கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
“லைன் சரியில்லைப் போல” என்றார்,
பிறகு பெரியவளின் நீச்சல் வகுப்பைப் பற்றிப் பேசினோம்.

இரவு, போர்வைக்குள், போனில் ஓடவிட்டேன்.
வைஃபை பேஸ்மென்டில் இருக்கிறது,
இரண்டு மாடி ஏறிவர இளைத்துவிடும்.
அவர் குனிகிறார், செருப்பைக் கழற்றுகிறார்,
சதுரங்களாகிறார்,
கறையாகிறார்.
நான் நிறுத்தவில்லை, அசையவும் இல்லை.
சுற்றுகிறது, சுற்றுகிறது வட்டம்.
மெல்ல ஒரு கை,
பிறகு செருப்பு,
பிறகு அதிலிருந்து விழும் தண்ணீர்.

இன்னும் முந்நூற்றுப் பதினொன்று.